சினை நாய்க்கு நடை வேண்டும், ஓட்டம் வேண்டாம்

பசு சினைப்பட்ட நாளைக் குறித்து வைத்துக்கொள்ளாத குடியானவர் நம்மில் வெகு சிலரே. சினையென்று தெரிந்த பின் அதை மேட்டிலும் பள்ளத்திலும் விரட்டமாட்டார். முட்டுகிற மாட்டின் பக்கத்தில் கட்டமாட்டார். ஈற்று மாதம் நெருங்கினால் தொழுவத்தில் வைக்கோல் பரப்பி, இராத்திரியில் இரண்டு தரம் எழுந்து விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்தத் தொழுவத்துக்கு எதிரிலேயே படுத்துக் காவல் காக்கும் பெட்டை நாய் சினையாயிருக்கும் சங்கதியோ, பெரும்பாலும் அது வைக்கோற்போரின் அடியில் ஈன்று, குட்டிகளின் முனகல் கேட்ட பிறகுதான் வீட்டாருக்குத் தெரிய வருகிறது. இந்த அஜாக்கிரதையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

உரமும் விதையும் நீர்ப்பாசனமும் பேசப்படுகிற பக்கங்களில் நாய்க்கு இடம் கொடுப்பது தகுமோ என்று சிலர் நினைக்கக்கூடும். தோட்டத்தில் இராத் தங்கிக் காவல் காத்தவர் அப்படி நினைக்கமாட்டார். நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்குவதைக் குரைத்து அறிவிப்பதும், மோட்டார்க் கொட்டகையில் செப்புக் கம்பியைத் தேடி வருகிறவனைத் தடுத்து நிறுத்துவதும், ஆட்டுக்கிடையைச் சுற்றிச் சுற்றி வந்து நரியை அண்டவொட்டாமல் செய்வதும் நாயே. கிடை போட்டு நிலத்துக்கு உரமேற்றும் தெற்கத்திச் சம்சாரிகள் இதை நன்கு அறிவார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் சீமைக்கே உரிய ஜாதிகள் இருக்கின்றன. இவற்றுள் ராஜபாளையத்து நாயின் உருவத்தை இந்தியத் தபால் இலாகா 2005-ஆம் வருஷத்தில் தபால் தலையில் அச்சிட்டுக் கௌரவித்தது. தபால் தலையில் ஏறின ஜாதி தன் சொந்த ஜில்லாவில் ஈற்றுக் காலத்தில் படுகிற பாடு வேறு.

சினை நாயை நடத்துவதில் நம்மவர்கள் செய்யும் பிழை இரண்டு விதம். ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை. ஆயினும் இரண்டும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் நடக்கின்றன. ஒரு சாரார், நாய் சினையென்று தெரிந்தவுடன் சங்கிலியில் கட்டிவிடுகிறார்கள். ‘இனி இது அசையவே கூடாது’ என்று எண்ணி, மூன்று முழச் சங்கிலியில் ஒன்பது வாரத்தையும் கழிக்க வைத்து, சோறும் கறியும் முட்டையுமாகத் திணித்து, நாயைப் பீப்பாயாக்கிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் சினை என்பதையே கணக்கில் வைப்பதில்லை. கிடையோடு பத்து மைல் நடக்கிற நாய் ஈனும் நாள்வரை பத்து மைல் நடக்கிறது. முயல் விரட்டிப் பழகின நாய் வயிறு தரையைத் தொடும் நிலையிலும் ஏவிவிடப்படுகிறது. முயல் வேட்டையோ, நாயைக் கொண்டு ஆடினாலும் கண்ணி வைத்து ஆடினாலும், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதை இங்கே வழியில் சொல்லி மேலே போகிறேன்.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்வது நியாயம். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு கன்னி நாய் இருந்தது. கருமையும் பழுப்புமான மேனி, மெல்லிய இடை, ஓடினால் கால் தரையில் பாவுவது தெரியாது. பங்குனி முதல் வாரத்தில் அதை நல்ல கடுவனோடு இணைசேர்த்தேன். நாயைப் பார்த்துக்கொண்ட பையன் தினந்தோறும் காலையில் அதை மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஓடவிட்டுப் பழக்கியிருந்தான். வேகமாக ஓடுகிற ஜாதிக்கு அதுவே தக்க தேகாப்பியாசம் என்பது எங்கள் பக்கத்து அபிப்பிராயம். சினையான பிறகும் நான் தடுக்கவில்லை. ஓடினால் ஈற்று சுலபமாகும் என்றுகூட எண்ணினேன். சித்திரைக் கடைசி வாரம், கத்திரி தொடங்கி இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். அன்று அவன் புறப்படத் தாமதமாகி எட்டரை மணி ஆகிவிட்டது. தார் ரோட்டில் போக இரண்டு மைல், வர இரண்டு மைல். திரும்பி வந்த நாயின் நாக்கு செங்கருப்பாக நீண்டு தொங்கியது; எச்சில் நூலாக இழுத்தது; களத்து மேட்டை எட்டுமுன் பின்னங்கால் மடங்கி விழுந்துவிட்டது. தொட்டியிலிருந்து தண்ணீரை வாரி வாரி ஊற்றி, விசிறி வீசி, டாக்டரைக் கூட்டி வந்தோம். நாய் பிழைத்தது. மூன்றாம் நாள் ஏழு குட்டிகள் செத்துப் பிறந்தன. அதன்பின் பல நாள் அந்த நாய், திண்ணையில் கிடந்த ஒரு பழந்துணியைக் கவ்விக்கொண்டுபோய்க் காலிடுக்கில் வைத்து நக்கிக்கொண்டே கிடக்கும். பையனின் மேல் குற்றமில்லை. தடுத்திருக்க வேண்டியவன் நான்.

இது ஏன் நேர்ந்தது என்பதைப் பிறகு டாக்டர் விளக்கினபோதுதான், நாயின் உடற்கூறு எவ்வளவு தூரம் மாட்டினின்று வேறுபட்டது என்று விளங்கியது. நாய்க்கு மேனியெங்கும் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மட்டும் சிறிது வியர்க்கும். உடம்பின் சூட்டை அது வெளியேற்றுவது முக்கியமாக மூச்சிரைத்து, நாவிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குவதன் மூலமே. சினை முற்றின நாயின் கருப்பை வயிற்றை நிறைத்து உதரவிதானத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. மூச்சுக்கு இடம் குறைகிறது. இரத்தத்தின் அளவு கூடினாலும் அதிலுள்ள செவ்வணுக்களின் விகிதம் சினையின் பிற்பகுதியில் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே அதே தூரத்தை ஓட, அதே நாய்க்கு, அப்போது இருமடங்கு சிரமம். அதனோடு கத்திரி வெயிலும் தார் ரோட்டின் அனலும் சேர்ந்தால் தாயின் உடம்பு கொதிக்கிறது. அந்தக் கொதிப்பினின்று தப்பிப் போக உள்ளே இருக்கும் குட்டிக்கு வழியில்லை.

சினைக் காலம் ஏறக்குறைய 63 நாள். ஆனால் இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 நாளிலும் ஈனலாம், 72 நாளிலும் ஈனலாம். கடுவனின் விந்து பெட்டையின் உடலில் பல நாள் உயிரோடு காத்திருக்கக் கூடியது. பெட்டையின் முட்டையும் வெளிப்பட்ட பிறகு பக்குவமடைய இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இந்த வித்தியாசம். இணைசேர்ந்த முதல் நாளையும் கடைசி நாளையும் பசுவின் கணக்கு எழுதுகிற அதே நோட்டில் எழுதி வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. அந்த இரண்டு வரி இல்லாமல் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் யாதொன்றும் பிரயோசனப்படாது. சினைதானா என்பதை 25-ஆம் நாளுக்கு மேல் கால்நடை டாக்டர் ஸ்கான் மூலம் உறுதியாகச் சொல்லிவிடுவார். வயிறும் மடியும் பெருத்தது கொண்டு நாமே தீர்மானிப்பது சரியன்று. பொய்ச்சினையிலும் மடி பெருக்கும், கருப்பையில் சீழ் கட்டினாலும் வயிறு பெருக்கும். பின்னது உயிருக்கு ஆபத்தான வியாதி.

முதல் மூன்று வாரத்தில் வெளிக்கு யாதொரு மாறுதலும் தெரியாது. கரு கருப்பையில் வந்து நிலைகொள்வதே ஏறக்குறைய 17 முதல் 21 நாளுக்குள்தான். இந்தக் காலத்தில் நாய் தன் வழக்கமான நடையைக் குறைக்கவேண்டிய அவசியமில்லை. வழக்கமில்லாத புதுச் சிரமத்தை மட்டும் அதன் மேல் சுமத்தலாகாது. தினம் தோட்டத்தைச் சுற்றுகிற நாய் சுற்றட்டும். இதுவரை கட்டிக் கிடந்த நாயைச் சினையென்று கேள்விப்பட்ட மறுநாள் திடீரென்று ஐந்து மைல் இழுத்துக்கொண்டு போவது மூடத்தனம். நாலாம் வாரத்தில் சில நாய்கள் தீனியில் மனம் செல்லாமல் சோர்ந்து படுக்கும். அந்த இரண்டு மூன்று நாளும் அதன் இஷ்டத்துக்கு விட்டுவிடுவது நலம்.

நாலு முதல் ஆறு வாரம் வரையில் உள்ள நடைதான் என் அபிப்பிராயத்தில் மிக முக்கியம்; நம்மவர்கள் அதிகமாகத் தவறுவதும் இதில்தான். காலையில் வெயில் ஏறுமுன் அரை மணி, மாலையில் வெயில் தாழ்ந்தபின் அரை மணி. வாரைத் தளரப் பிடித்துக்கொண்டு, நாய் முகர்ந்து நிற்கிற இடத்தில் நாமும் நின்று, அதன் கதிக்கு நடந்தால் போதும். மூச்சிரைப்பு நின்று பேச்சுமூச்சு சமப்பட ஐந்து பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிறதென்றால் அன்றைய நடை அதிகம் என்று தெரிந்துகொண்டு மறுநாள் குறைக்கவேண்டும். வாய்க்காலைத் தாண்ட வைப்பதும், வேலியைக் குதிக்கவிடுவதும், மற்ற நாய்களோடு கட்டிப் புரளவிடுவதும் இந்தக் காலத்திலிருந்தே நிறுத்தப்படவேண்டியவை. நடக்கும் தரை வரப்பு, வண்டிப் பாதை, புல்தரை இவற்றுள் ஒன்றாயிருப்பது உத்தமம். தார் ரோடோ சிமெண்டுக் களமோ தவிர வேறு பாதை இல்லையென்றால், புறங்கையை அதில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள்; வைத்திருக்க முடியாத சூட்டில் நாயின் பாதமும் வைத்திருக்க முடியாது.

ஏழாம் வாரம் தொடங்கிவிட்டால் கணக்கு மாறுகிறது. குட்டிகளின் எடையில் முக்கால் பங்கு 40-ஆம் நாளுக்குப் பிறகு ஏறுகிறது. தாய் நடக்கும்போதே வயிறு இருபுறமும் ஆடும். இப்போது அரை மணி நடை ஆகாது. பத்துப் பதினைந்து நிமிஷ நடையாக மூன்று வேளை வைத்துக்கொள்வது உசிதம். சிறுநீர்ப்பையைக் கருப்பை அழுத்துவதால் நாய்க்கே அடிக்கடி வெளியே போகவேண்டியிருக்கும். அதையே நடையாக ஆக்கிக்கொள்ளலாம். மாடிப்படி, டிராக்டரின் பின்தட்டு, உயரமான திண்ணை இவற்றில் தாவி ஏறவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ஏற்ற வேண்டியிருந்தால் மார்புக்குக் கீழ் ஒரு கையும் பின்தொடைக்குக் கீழ் ஒரு கையும் கொடுத்துத் தூக்கவேண்டுமேயல்லாமல், வயிற்றைக் கட்டிப் பிடித்துத் தூக்கலாகாது. கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தவிடும் வழக்கத்தை இந்த மூன்று வாரம் நிறுத்திவைப்பது நல்லது. தேங்கின நீரில் எலியின் சிறுநீர் மூலம் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

இன்னொரு காரணத்தாலும் கடைசி மூன்று வாரத்து நடை நம் சொந்த நிலத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். நாய்களுக்கு ஹெர்பிஸ் என்னும் ஒரு வைரஸ் வியாதி உண்டு. வளர்ந்த நாய்க்கு அது ஏதோ சளி பிடித்தாற்போல் வந்து போய்விடும். சினையின் கடைசி மூன்று வாரத்தில் தாய்க்குத் தொற்றினால் குட்டிகள் கருவிலேயே மடியக்கூடும். பிறந்த முதல் மூன்று வாரத்துக்குள் குட்டிக்குத் தொற்றினால் இரண்டொரு நாளில் ஈறு முழுதும் போய்விடும். சந்தைக்கும், நாய்க் காட்சிக்கும், தெரு நாய்கள் கூடுகிற குப்பை மேட்டுக்கும் சினை நாயை அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். பூச்சிமருந்து அடித்த வயலும், எலிக்கு மருந்து வைத்த வரப்பும் எந்த நாய்க்கும் விலக்கே. மோப்பம் பிடித்துத் தின்னும் ஆவல் மிகுந்த சினை நாய்க்கு முற்றிலும் விலக்கு.

இனிச் சங்கிலியின் பக்கம் வருகிறேன். ஓட்டத்தால் வரும் கேடு கண்ணுக்குத் தெரிகிறது. நாய் விழுந்துவிடுகிறது, ஊரார் பார்க்கிறார்கள். கட்டி வைப்பதால் வரும் கேடு ஈற்று நாள்வரை ஒளிந்திருக்கிறது. நாய்களுக்கு ஈற்றில் ஏற்படும் கஷ்டங்களுள் அதிகமாகக் காண்பது, கருப்பை சோர்ந்துபோய்க் குட்டியைத் தள்ளாமல் நின்றுவிடுவதே. கொழுப்பேறின உடலும் உழைப்பில்லாத தசையும் இந்தச் சோர்வுக்கு இடங்கொடுக்கின்றன. ஒரு குட்டி பிறந்து, அடுத்தது வராமல், நாய் முக்குவதையும் விட்டுவிட்டுப் படுத்திருக்கும். வீட்டார் ‘ஒன்றுதான் போலிருக்கிறது’ என்று எண்ணிக்கொண்டு தூங்கப் போவார்கள். உள்ளே மிச்சமுள்ள குட்டிகள் இறந்து அழுகி, மூன்றாம் நாள் தாயும் கிடப்பில் விழும். அன்பினால் செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிற காரியத்தின் பலன் இது. தினம் அரை மணி நடையைக் கொடுக்காமல், முட்டையையும் கறியையும் கொடுப்பது அன்பாகுமா என்று யோசிக்கவேண்டும்.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் இந்த இடத்தில் சற்றுக் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, மிருகத்தை நியாயமற்ற அளவில் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதைக் குற்றமாக்குகிறது. அதோடு, வழக்கமாகச் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான தேகாப்பியாசம் கொடுக்காமல் அலட்சியம் செய்வதையும் தனியாகப் பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது. மாட்டுக்கும் குதிரைக்கும் எழுதாத இந்த வாசகத்தை நாய்க்கென்று எழுதியிருக்கிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது. முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்தது 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். ஐம்பது ரூபாய்க்கு அஞ்சி ஒருவரும் நாயை நடக்கவைக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நடைகொடுப்பது எஜமானரின் தயவு அன்று, கடமை என்று சட்டமே சொல்லுகிறதென்பதைக் கிராம சபையில் ஒரு தரம் படித்துக் காட்டினால், பலருக்கு அது புதுச் செய்தியாயிருக்கும்.

நான் இதைப் பேசும்போதெல்லாம் மூன்று ஆட்சேபங்கள் எழுகின்றன. நாயை அவிழ்த்துவிட்டால் வழிப்போக்கரைக் கடிக்கும் என்பது ஒன்று. மெய்தான், சினை நாய்க்குக் கோபமும் பயமும் அதிகம். அதனால்தான் வாரில் பிடித்து நடத்தச் சொல்லுகிறேனேயன்றி, அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. இரண்டு கம்பங்களுக்கு இடையே உயரத்தில் கம்பி கட்டி, அதில் வளையம் போட்டுச் சங்கிலியை மாட்டினால், நாய் இருபது முப்பது அடி போய்வரும். இது காவலுக்கும் உதவும். ஆயினும் அது நடைக்குப் பிரதி ஆகாது.

இரண்டாவது, ‘நாய்க்கென்று ஆள் வைத்து நடத்த நமக்குக் கட்டுமா?’ என்பது. ஆள் எதற்கு? காலையில் மடை பார்க்கவும் பயிர் பார்க்கவும் வரப்பில் நாமே ஒரு நடை போகிறோம். அந்த நடைக்கு நாயையும் கூட்டிப் போனால் தீர்ந்தது. அந்த வேளை, அந்தத் தரை, அந்த நிதானம் இவை மூன்றும் சினை நாய்க்கு அளந்து வைத்தாற்போல் பொருந்துகின்றன. மிராசுதாரர் தம் நிலத்தை ஆள் மூலம் மட்டும் பார்க்கிறவராயிருந்தால், நாயின் பொருட்டாவது அவர் நிலத்துக்குப் போவது நிலத்துக்கும் நல்லது.

மூன்றாவது ஆட்சேபம் கிடைக்காரர்களுடையது. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. கிடை ஓரிடத்தில் நிற்பதில்லை. நாயை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு வீடு கிடையாது. நாய்க்காகக் கிடையை நிறுத்தவும் முடியாது. சினை முற்றின நாயைப் பகல் மேய்ச்சலுக்கு விரட்டாமல் பட்டியிலேயே குட்டிகளுக்குக் காவலாக விட்டுவைப்பதும், கிடை ஊர் மாறுகிற நாளில் அதைச் சாமான் வண்டியில் ஏற்றிக்கொள்வதும் சிலர் செய்கிற காரியங்கள். கிடை அமர்த்துகிற நிலக்காரர், அந்த நாய் ஈன்று எழுந்திருக்கும்வரை இரண்டு வாரம் தம் தோட்டத்து மூலையில் இடம் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஒருவரை ஒருவர் நம்புகிற ஊர்களில் இது நடக்கிறது. எல்லா ஊரிலும் நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

தீனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். முதல் ஐந்தாறு வாரம் வழக்கமான அளவே போதும். பிறகு படிப்படியாகக் கூட்டி, ஈனும் தறுவாயில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை அதிகமாகக் கொடுக்கலாம். வயிற்றில் இடமில்லாமையால் சிறுகச் சிறுகப் பல வேளை கொடுக்கவேண்டும். நடைக்குச் சற்று முன்னும் பின்னும் வயிறு நிறைய ஊட்டலாகாது. நடந்து வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டவேண்டும். பாலூட்டும் காலத்தில்தான் தீனி இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். சினைக் காலத்தில் சுண்ணாம்புச் சத்து மருந்துகளை நாமாக வாங்கி ஊற்றுவது விபரீதத்தில் முடியும். வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால் தன் எலும்பிலுள்ள சுண்ணாம்பை வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் சக்தியை உடல் இழந்துவிடுகிறது. பால் சுரக்கும்போது நாய் வெட்டி இழுத்துக் கிடக்கும். குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் டாக்டர் சொல்லுவதையே கொடுக்கவேண்டும். நாயின் உருளைப்புழு கருவிலிருக்கும் குட்டிக்கே தாயிடமிருந்து போய்ச் சேருகிறதாகையால், சினையின் கடைசி வாரங்களில் அவர் தரும் மருந்தைத் தட்டிக் கழிக்கலாகாது. மாடு கருச் சிதைந்தால் அந்தக் கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய்க்கு எறிகிற வழக்கம் அநேக ஊர்களில் இருக்கிறது. கருச்சிதைவு வியாதி அதன் வழியாக நாய்க்குத் தொற்றும். நாயின் மலத்தின் மூலம் மாட்டுக்குப் போய்க் கருச்சிதைக்கிற வேறொரு கிருமியும் உண்டு. ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டியதை நாயின் வாயில் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் தொழுவத்தில் ஏன் கன்று தங்கவில்லை என்று ஜோசியம் கேட்பதில் பயனில்லை.

ஈனும் வாரத்தில் நடை என்பது வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் இடையே போய்வருவதுதான். அதையும் வாரில் பிடித்தே செய்யவேண்டும். இல்லாவிட்டால் நாய் புதரையோ பாழ்ங்கிணற்றுப் பொந்தையோ தேடிப் போய்ப் பதுங்கிவிடும். நாய்க்கு இயல்பான உடற்சூடு பாரன்ஹீட் 101 முதல் 102½ டிகிரி. தினம் இரண்டு வேளை தர்மாமீட்டர் வைத்துப் பார்த்து வந்தால், ஈற்றுக்கு 12 முதல் 24 மணி முன் அது 99-க்குக் கீழே இறங்குவது தெரியும். அன்று நடையை முற்றிலும் நிறுத்திவிட்டு, இருட்டான, காற்றோட்டமுள்ள, சந்தடியில்லாத ஒரு மூலையில் பழந்துணி விரித்துக் கொடுக்கவேண்டியது. அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மணிக்கு மேல் ஆனாலும், முதல் குட்டிக்கு முன்னமே கரும்பச்சை நிறத்தில் கசிவு கண்டாலும் உடனே டாக்டருக்குச் சொல்லி அனுப்பவேண்டும். கையை விட்டு இழுத்துப் பார்க்கும் கெட்டிக்காரர் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார், அவரை அண்டவிடாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பு ஊசி முகாம் நம் கிராமங்களில் நடக்கும்போது, சினை நாயைக் கூட்டத்தோடு இழுத்துப் போய், வெயிலில் வரிசையில் நிறுத்தி, நாலு நாய்களோடு சண்டையிடவிட்டு ஊசி போடுவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசிகளை இணைசேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுவது முறை. உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தடுப்பு ஊசிகள் சினைக் காலத்தில் விலக்கு. வெறிநோய் ஊசி உயிரற்ற கிருமியால் ஆனது. வெறிநாய் கடித்துவிட்டாலோ வேறு அவசியம் நேர்ந்தாலோ அதைச் சினையிலும் டாக்டர் போடுவார். ஆகையால் முகாமுக்குத் தண்டோரா போடுகிற பஞ்சாயத்தார், ‘சினை நாய் உள்ளவர்கள் முதலில் பெயர் கொடுக்கவும்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டு, அவற்றின் பட்டியலை முந்தின நாளே டாக்டரிடம் கொடுத்துவிடலாம். அவற்றைக் காலை ஏழு மணிக்கு முன்னதாகத் தனியே வரவழைத்துப் பார்த்து அனுப்பிவிட்டு, மற்ற நாய்களுக்கு அதன்பின் தொடங்கினால் போதும்.